விட்டுக்கொடுக்கும் பெட்டி

1986 ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து காற்று. ஆடி பிறக்கவில்லை, அதற்குள் இந்தப் புழுதி. கம்ப்யூட்டர் அறை ஜன்னலுக்குப் பழைய சேலையை மடித்துக் கட்டினேன். கம்ப்யூட்டர் பெட்டிக்கு உறை தைக்கக் கொடுக்க வேண்டும்.

முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். கல்லூரித் தாளாளர் 26-ஆம் தேதி, சனிக்கிழமை, எங்கள் கணிதத் துறைக்கு வருகிறாராம். பெட்டியை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். இப்போது அவருடைய நூல் மில்லில் சம்பளக் கணக்குப் போட ஒன்று வேண்டுமாம். "பசங்க அதுல என்னதான் பண்றாங்கன்னு பாக்கறேன். உருப்படியா இருந்தா அங்கியே இருக்கட்டும், இல்லாட்டி மில்லுக்கு வரட்டும்" என்றாராம். எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். போய்விட்டால் கரும்பலகையில் புரோகிராம் எழுதி வாயால் ஓட்டிக் காட்ட வேண்டும். தரையில் படுத்து நீச்சல் சொல்லிக் கொடுப்பது மாதிரி.

செய்ய வேண்டியவை: ஸ்டெபிலைசர் உறுமுகிறது, எலக்ட்ரீஷியன். பிளாப்பித் தட்டு (புரோகிராம் சேமிக்க). ரேஷன் சர்க்கரை. தாளாளருக்கு என்ன காட்டுவது?

ஜூலை 8, செவ்வாய்

பிஸிக்ஸ் சண்முகம் (இனி ச.) யோசனை சொன்னார். தாளாளர் அவருக்குத் தூரத்துச் சொந்தம், மாமா முறை.

"மேடம், மாமாவுக்கு ஆடுபுலி ஆட்டம்னா உசுருங்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் மில்லு ஆபீசுல சாக்பீஸ்ல கோடு போட்டு உக்காந்துக்குவாரு. எப்பவும் புலிதான். உங்க பெட்டிய ஆடு ஆட வெச்சுருங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

நல்ல யோசனைதான். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்துப் புலிகளை அசையவிடாமல் அடைத்தால் ஆடு ஜெயிக்கும். ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால் புலி தாண்டிக் குதித்து அதைத் தின்றுவிடும். கடைசி வருஷப் பையன்களுக்குச் செயற்கை அறிவு என்று ஒரு வகுப்பு நானே ஆசைப்பட்டு எடுக்கிறேன், பரீட்சைக்கு வராத வகுப்பு. அதற்கும் ஆச்சு.

வீட்டில் அவர்: "பெட்டிக்கு மூளை வைக்கறவளே, ரசத்துக்கு உப்பு வெச்சியா?" வைக்கவில்லைதான்.

ஜூலை 10, வியாழன்

வகுப்பு. போர்டில் கோடு கிழித்து இரண்டு கட்சியாகப் பிரித்தேன். முதல் கட்சி சொல்வது: பெட்டிக்கு விதியைச் சொல்லிக் கொடு, 'நான் இங்கே வைத்தால் அவன் அங்கே வருவான், அதற்கு நான் என்ன செய்வேன்' என்று அதுவே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாவது கட்சி சொல்வது: எத்தனை விதியைத்தான் சொல்லி முடியும்? தெரிந்தவர்கள் ஆடுவதைக் காட்டு, பார்த்துப் படிக்கட்டும். குழந்தை என்ன புத்தகம் வாசித்தா நடக்கிறது? கைதேர்ந்த ஒருவரை உட்காரவைத்துக் கேட்டு அவர் யோசனையை எல்லாம் எழுதிக்கொள்ளும் வழி ஒன்றும் உண்டு. அது வைத்தியத்துக்கு நன்றாக வருமாம். நமக்கு இப்போது வேண்டாம்.

ஆட்டையாம்பட்டியிலிருந்து வரும் பையன் எழுந்தான். "மேடம், இதுல எதுங்க நெசமான அறிவு? எண்ணிப் பாக்கறதா, பாத்துப் படிக்கறதா?"

தெரியாது என்றேன். வகுப்பு முழுக்க ஒரே சந்தோஷம். டீச்சருக்குத் தெரியாத ஒன்று அகப்பட்டுவிட்டதல்லவா.

இரண்டையும் எழுதிவிடுவதாக முடிவு. யோசிப்பான், பார்த்தான் என்று பெயர். சுருக்கமாக யோ., பா.

ஜூலை 14, திங்கள்

மூன்று தடவை கரண்ட் போனது. மூன்று தடவையும் முதலிலிருந்து. மாடியில் ஜமக்காளம் காயப்போட்டது பறந்து பக்கத்து வீட்டுத் தென்னையில்.

யோ. ஓடுகிறது! ஒரு ஆடு வைக்க அது எண்ணி முடிப்பதற்குள் ச. கான்டீனில் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். ஆனால் வைத்தால் அச்சு அசலாக வைக்கிறது. ச.வின் புலிகள் மூன்றும் அடைபட்டன. அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி.

பா.வுக்குத்தான் தீனி வேண்டும். நன்றாக ஆடுகிறவர்களின் ஆட்டங்கள், நிறைய. அதற்கும் ச.விடமே வழி. மில்லில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை ஒவ்வொரு நடையாக வேடிக்கைக்குக் குறித்து வைத்திருக்கிறார். தாளாளர் புலி, கணக்கர் செங்கோடன், ஸ்பின்னிங் மாஸ்டர், லாரி புரோக்கர் என்று மாற்றி மாற்றி ஆடு. "எல்லாம் பழந்தின்னு கொட்டை போட்ட ஆளுக மேடம்." எந்த நிலையில் அவர்கள் ஆட்டை எங்கே வைத்தார்களோ, அந்த மாதிரி நிலையில் பா.வும் அங்கே வைக்கும். அவ்வளவுதான் அதன் படிப்பு.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. அஸ்தம்பட்டித் தெருவெல்லாம் தேங்காய் சுடும் வாசனை. பக்கத்து வீட்டம்மா வெல்லமும் எள்ளும் போட்டுச் சுட்ட தேங்காய் கொடுத்தார். நான் சுடவில்லை. விரல் நுனியெல்லாம் வலி, ஆட்டங்களை அடித்து அடித்து.

பா. கண் மூடித் திறப்பதற்குள் வைக்கிறது. வைத்துத் தோற்கிறது. என்னிடம் தோற்றது. எனக்கு இந்த ஆட்டம் சுமாராகத்தான் வரும். பெருக்க வரும் குப்பம்மாளிடமும் தோற்றது. "என்னம்மா இது, கூப்புட்டுக் கூப்புட்டு ஆட்டக் குடுக்குது" என்றாள்.

ஜூலை 19, சனி

புரோகிராமை வரிவரியாகப் பார்த்தாயிற்று. தப்பே இல்லை. எரிச்சல். அவரிடம் வள்ளென்று விழுந்தேன், பாவம், தோசைக்குச் சட்னி என்ன என்றுதான் கேட்டார்.

நாளை மில்லுக்கே போய்ப் பார்ப்பது. ச.வோடு பஸ்.

ஜூலை 20, ஞாயிறு

புரிந்துவிட்டது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மில் ஆபீஸ். சிமெண்டுத் தரையில் கோடு. தாளாளர் புளியங்கொட்டைகளைப் புலியாக வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே செங்கோடன், ஒல்லி, காதில் பென்சில். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். நான் செங்கோடன் கையை மட்டும் பார்த்தேன். கல்லை எடுத்ததும் கை நேராகச் சரியான இடத்துக்குப் போகிறது. மேலே சற்று நிற்கிறது. பிறகு பக்கத்து முனையில் வைக்கிறது. ஒவ்வொரு தடவையும்! புலி தாண்டியதும், "அட, இதைப் பாக்கலீங்களே அய்யா" என்று நெற்றியில் அடித்துக்கொள்கிறார். ஸ்பின்னிங் மாஸ்டரும் அதே. லாரி புரோக்கர் கொஞ்சம் அதிகமாகவே நடிக்கிறார்.

பா. ஒரு தப்பும் செய்யவில்லை. இத்தனை பேர் இத்தனை ஞாயிறு பழகிய மரியாதையை அப்படியே படித்துக்கொண்டிருக்கிறது. தாளாளருக்கு மட்டும் தெரியாது. சிரித்துக்கொண்டே எனக்கும் காபி வரவழைத்தார்.

ஜூலை 21, திங்கள்

ச.வோடு சண்டை.

ச.: "பா.வையே போடுங்க மேடம். மாமா ஜெயிச்சா குளுந்து போயிருவாரு. பெட்டி நம்மகிட்டயே இருக்கும்."

நான்: "பையன்களுக்கு என்ன சொல்றது?"

ச.: "பெட்டியே இல்லாட்டி பையன்களுக்கு என்ன சொல்லுவீங்க?"

சரி என்றேன். யோ.வை எழுத எத்தனை பாடுபட்டேன்! அது இருக்கும் பிளாப்பியை மேஜை டிராயரில் வைத்தேன். மில்லில் சிரித்தேனே, இப்போது நானும் அந்த வரிசையில்.

பால் அட்டை புதுப்பிக்க. உறை தையல்காரர் இன்னும் தரவில்லை.

ஜூலை 26, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும், தலை சுற்றுகிறது.

தாளாளர் பத்தரைக்கு வந்தார். கூட முதல்வர், பின்னால் செங்கோடன். திரையில் பச்சைக் கோடுகளைப் பார்த்ததும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். ஆட்டையாம்பட்டிப் பையன் அவர் சொன்ன நடைகளை அடித்தான்.

முதல் ஆட்டம் சீக்கிரமே முடிந்தது. தொடையைத் தட்டிச் சிரித்தார். "மெசினுக்கே தண்ணி காட்டிட்டமல்லோ!" எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ச. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

இன்னொன்று என்றார். பாதி ஆட்டத்தில் பேச்சை நிறுத்தினார். திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"டீச்சரம்மா, இந்த ஆடு அக்கட்டால போயிருந்தா எம்பட புலில ரெண்டு அடைபட்டுப் போயிருக்கும். இது ஏன் இங்க வந்துச்சு?"

"இன்னும் சரியாப் படிக்கலைங்க ஐயா."

"படிக்காதவன் கண்ட எடத்துல வெப்பானுங்க. இது நல்ல எடத்துக்குப் பக்கத்துல, பக்கத்துலயே வெக்குது. நம்ம செங்கோடனாட்டவே." அப்புறம் மெதுவாக, "செங்கோடனுக்கு நான் சம்பளங் குடுக்கறேன். இந்தப் பெட்டிக்கு நான் என்ன குடுக்கறேன்? இது எதுக்கு எனக்கு உட்டுக் குடுக்குது?"

பாடம் நடத்துகிற பழக்கம், வாய் தானாகத் திறந்துவிட்டது. "மில்லுல நடந்த ஆட்டங்களைப் பார்த்துப் படிச்சதுங்க ஐயா. அவங்க எப்படி வெச்சாங்களோ அப்படியேதான் இதுவும் வைக்கும்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. செங்கோடன் தரையைப் பார்த்தார். ஸ்பின்னிங் மாஸ்டர் நல்லவேளை வரவில்லை.

"உட்டுக் குடுக்காம ஆடறது உங்ககிட்ட இருக்குதுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ச. பின்னாலிருந்து வேண்டாம் என்று கையை ஆட்டினார். "இருக்குதுங்க" என்றேன். டிராயரைத் திறந்தேன்.

யோ. தன் வழக்கப்படி எண்ணியது. ஒவ்வொரு ஆட்டுக்கும் எல்லோரும் காத்திருந்தோம். காபியில் ஆடை படிந்தது. அவர் அசையவில்லை, வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை. அவ்வளவு கவனமாக அவர் ஆடி நான் மில்லில் பார்க்கவில்லை. ஒரு புலி அடைபட்டது, இரண்டு, மூன்றும். நகர இடமில்லை.

"இப்படித்தான் இருக்குமா" என்றார். தோற்பதைச் சொல்கிறார். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் போட வாங்கிய பூமாலை முதல்வர் கையிலேயே இருந்தது.

ஜூலை 28, திங்கள்

முதல்வர் அறை. வியாழக்கிழமை பெட்டியை மில்லுக்கு அனுப்ப வேண்டுமாம். தாளாளர் போனில் சொன்னது: "உட்டுக் குடுக்காதது ஒண்ணாச்சும் எம்பட ஆபீசுல இருக்கோணும். கணக்கெல்லாம் இனி அதுதான் பாக்கோணும்."

உருப்படியாக இருந்தால் இங்கேயே இருக்கட்டும் என்றவர். உருப்படியாக இருந்ததால் போகிறது.

ச.: "நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டனுங்களா இல்லீங்களா?" அடித்துக்கொண்டார்தான். கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன். மத்தியான வகுப்பு கரும்பலகையில்.

ஜூலை 31, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. உறை நேற்றுதான் வந்தது, அளவு சரி. அதைப் போட்டே அனுப்ப வேண்டும்.

மில் வேனில் செங்கோடன் வந்தார். அவர்தான் இனி பெட்டிக்கு ஆள். விசைப்பலகைக் கட்டைகளைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன். விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்.

"கணக்கை இதுல யாருங்க அடிக்கப் போறது?" என்று கேட்டேன்.

"நானுங்க. வேற ஆரு?"

சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு வாசலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"டீச்சருங்க, அய்யா சனிக்கெழமைலிருந்து சரியில்லீங்க. காப்பி சூடா இருக்குதுன்னு சொன்னாக்கூட நெசமாத்தான் சொல்றியான்னு கேக்கறாரு. ஞாயித்துக்கெழம எங்க ஆரையும் கூப்புடலீங்க. இனிமே இதுகூடத்தான் ஆடுவாராமா. இது வாராவாரம் அவர அடைச்சுப் போட்டுதுன்னா, திங்கக்கெழம மில்லுக்கு எப்படி வருவாரு? எங்களுக்குப் பயம்னு நெனச்சுக்கிட்டாருங்க. பயமெல்லாம் இல்லீங்க. அந்தம்மா போனதுக்கப்பறம் அவருக்கு அது ஒண்ணுதான் சந்தோசமுங்க."

தாளாளரின் மனைவி இறந்தவர் என்றே எனக்குத் தெரியாது.

"அந்த மொதல்ல தோத்தது வேண்டாமுங்க, கண்டுபுடிச்சுருவாரு. கடைசியா ஜெயிச்சதையே சித்தெ போராடித் தோக்கற மாதிரி பண்ண முடியுங்களா? நாங்க பண்ணுன தப்பு அதுதானுங்க. சீக்கிரமா உட்டுட்டம்."

முடியாது என்றேன். கோபமாகவே சொன்னேன். பிறந்ததிலிருந்து பொய் சொல்லாத ஒன்றே ஒன்று இது என்று கூடச் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். வயர்களைச் சுற்றினார். பிறகு, யாரோ ஒருவரிடம் சொல்வது போல: "சனிக்கெழம மத்தியானம் ஆபீசு பூட்டிருமுங்க. பெட்டி சும்மாதான் கெடக்கும். சாவி எங்கிட்டத்தான். பசங்களக் கூட்டிக்கிட்டு வந்தீங்கன்னா ஆரு கேக்கப்போறாங்க? நானே வேன் அனுப்பறனுங்க."

வகுப்பில் இன்று பையன்கள் காகிதத்தில் ஆடு வரைந்து வெட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியை மறுபடி ஆன் செய்யச் சொன்னேன். எத்தனை நடை முன்னால் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது யோ.வில் ஒரே ஒரு எண். அதைக் குறைத்தால் எண்ணும், போராடும், கடைசியில் ஏதோ ஒரு ஆட்டின் பின்னால் இடத்தைப் பார்க்காமல் விட்டுவிடும். மூன்று இருந்த இடத்தில் ஒன்று போட்டேன். சேமித்தேன். பிளாப்பித் தட்டைச் செங்கோடன் கையில் கொடுத்தேன்.

விரல் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.