மூலையில் என் கட்டைவிரல்

மார்ச் 4

இந்த ஒரு வாழ்த்து அட்டையின் பின்னணிக்கு மூன்று நாள். முதலில் வெளிர்நீல மை, காயவிட்டேன். அதன்மேல் வடிவம் வெட்டிய ஸ்டென்சில் தாளை வைத்துக் கொஞ்சம் அடர்ந்த நீலம், மறுபடி காயவிட்டேன். கடைசியில் கருநீலம், தண்ணீர் தெளித்துத் துணியால் ஒற்றி எடுத்தேன். கையை விட்டால் உள்ளே போய்விடும் போல ஆழம் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மை ஒட்டிய கட்டைவிரலை மூலையில் பதித்துத் தொலைத்தேன். போகட்டும். மற்ற வாழ்த்து அட்டைகளோடு சேர்த்து அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அலுவலகம் போகிற வழியில் பரிசுக் கடையில் அவள்தான் சேர்ப்பாள்.

மார்ச் 13

கடையில் ஒரு ஸ்டாண்டு நிறைய என் பின்னணி. அத்தனையும் அச்சடித்தது. தடவினால் வழவழ, சாய்த்துப் பார்த்தால் செத்த நீலம். சந்தேகமே வேண்டாம் — ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் என் கட்டைவிரல்! கடைக்காரர் நிதானமாகச் சொல்கிறார்: "உங்க அக்காகிட்ட கேட்டுட்டுத்தாங்க ஸ்கேன் பண்ணினோம்."

அக்காவிடமா? விரல் யாருடையது?

மார்ச் 14

அக்காவிடம் கேட்டேன். "வாழ்த்துக்குப் பின்னாடி இருக்கிற கலர்தானேடி, அதுக்கா இந்தக் குதி குதிக்கிறே?" என்றாள். கலர்தானே! வெளியாள் என்றால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். கூடப் பிறந்தவளுக்கே நான் செய்வது ஒரு வேலையாகத் தெரியவில்லை என்றால் — யார்கிட்ட போய்ச் சொல்ல?

மார்ச் 15

அக்கா நான்கு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

மார்ச் 17

நேரிலேயே வந்துவிட்டாள். அப்படி என்ன பெரிய வித்தை, நானே போட்டுக் காட்டுகிறேன் என்றாள். மையை அவள் பக்கம் தள்ளினேன். நீலம் காயும் முன்பே சிவப்பு, அதன்மேல் பச்சை. சாக்கடை நிறம் வந்தது. இரண்டாவதும் அதே. மூன்றாவதை ஈரத்தோடு தேய்த்ததில் அட்டையே கிழிந்தது.

"எவ்வளவு நேரம்டி காயணும்?"

ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் என்றேன். போகும்போது நான்கு வெள்ளை அட்டையும் மூன்று நீல மையும் எடுத்துக்கொண்டு போனாள். அதையும் கேட்காமல்தான்!

மார்ச் 25

ஸ்டாண்டு காலி. தான் சம்மதம் சொன்னது தப்பு, எல்லாவற்றையும் எடுங்கள் என்று அக்கா கல்லாவை விட்டு நகராமல் நின்றாளாம். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் தபாலில் ஒரு அட்டை. உள்ளே ஒரு எழுத்துக்கூட இல்லை. வெளியே மூன்று நீலம், ஒன்றன்மேல் ஒன்றாக, காயவிட்டுக் காயவிட்டுப் போட்டது. ஓரத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கலங்கியிருக்கிறது. மூலையில் ஒரு கட்டைவிரல், என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரியது.