படத்தில் இல்லாத கைப்பிடி

அனுப்புநர்:
சூ. பீலிக்ஸ்,
பழைய பியர் ஆலை வீதி,
கிர்ஷ்டால் (ஸ்டுட்கார்ட் அருகில்).

பெறுநர்:
பொறுப்பதிகாரி,
மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பிரிவு,
நகரசபை, கிர்ஷ்டால்.

விடயம்: நீர்வண்ண ஓவியம் ஒன்றைக் காரணம் காட்டி, வாசற்படிக்குக் கைப்பிடி வைக்க அனுமதி மறுத்தமை.

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் யாழ்ப்பாணத்தை விக்டோரியா மகாராணியார் ஆண்ட காலத்தில், இந்நகரின் பெரும்புள்ளியான பியர் ஆலை முதலாளி வின்டல்மான் கட்டிய வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். வாசலில் ஏழு கற்படிகள். என் மனைவி பேர்பெச்சுவாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. பிடிக்க ஏதுமின்றி அவரால் இறங்க முடியாது. ஆகவே ஓர் இரும்புக் கைப்பிடி வைக்க அனுமதி கேட்டோம். வீட்டுக்காரருக்கும் சம்மதமே.

2. இவ்வீட்டை 1887இல் வரைந்த ஓவியத்தில் கைப்பிடி இல்லை, ஆகவே இன்றும் இருத்தலாகாது என்று, ஓவியப் பிரதியையும் இணைத்துத் தாங்கள் பதில் அனுப்பினீர்கள். அவ்வோவியத்தில் தபால் பெட்டியும் இல்லை. ஆயினும் தங்கள் கடிதம் அதற்குள்தான் விழுந்தது என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

3. சென்ற ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போக, பட்டுச்சேலை உடுத்திய என் மனைவி படியில் குந்தி, இருந்தபடியே ஒவ்வொரு படியாக அரக்கி அரக்கிக் கீழே இறங்கினார். என் இடுப்பும் சரியில்லை. நான் தாங்கியிருந்தால் இருவரும் சேர்ந்தே உருண்டிருப்போம். பார்த்து நின்ற எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது.

4. அன்று மாலை மூக்குக்கண்ணாடியைப் போட்டுத் தங்கள் பிரதியை ஆராய்ந்தவர் என் மனைவியே. “இஞ்சேருங்கோ, உந்த மனிசன் ஆரின்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது எண்டு பாத்தனீங்களோ?” என்று கேட்டார். பார்த்தேன். ஓவியத்தில் முதலாளி அவர்கள், காய்ச்சியதில் பாதியைத் தாமே குடித்தவர் போன்ற வயிற்றுடன் அதே படியில் நிற்கிறார். அவரது வலக்கை, கீழ்ப்படியில் வெள்ளைக் கையுறையுடன் நிற்கும் வேலைக்காரனின் தோளில் இருக்கிறது. ஐயா, கைப்பிடி இருந்திருக்கிறது. அதற்குச் சம்பளமும் கொடுத்திருக்கிறார்கள்.

5. இம்மனுவை ஜேர்மன் மொழியில் பெயர்ப்பவர் எங்கள் மகள் துஷானி. அதில் கூடுதலாகக் காணப்படும் மரியாதைச் சொற்களுக்கு அவரே பொறுப்பு.

ஆகவே, இரும்புக் கைப்பிடிக்கு விரைந்து அனுமதி தரும்படி வேண்டுகிறேன். ஓவியத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதுதான் தங்கள் முடிவானால், வரும் ஞாயிறு பூசைக்கு முன் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரைக் கீழ்ப்படியில் நிற்க அனுப்பிவையுங்கள். தோள் உரமானவராக இருத்தல் நன்று. கையுறையை நாங்கள் வாங்கித் தருகிறோம்.

படியிறங்கக் காத்திருக்கும் மனைவியின் சார்பில்,
சூ. பீலிக்ஸ்
(கையொப்பம்)

கிர்ஷ்டால்,
14.05.2024