கேட்டில் ஒலித்த உன் குரல்

மச்சான்,

இன்று அந்தச் சோப்பு டப்பாவைத் திறந்தேன். நீ ஓட்டை போட்டு, உள்ளங்கை அளவுக் கணினிப் பலகையை உள்ளே வைத்து மூடிய டப்பா. பலகை சூடேறினால் கூடமெல்லாம் சந்தன வாசனை அடிக்கும். அது செத்துக் கிடந்த அந்த வாரம் நான் பட்ட பாட்டை உன்னிடம்தானே சொல்ல முடியும்?

கரெண்ட் போய்ப் போய் வந்தால் மெமரி கார்டு கெட்டுவிடும் என்று அன்றே சொன்னேன். "கரெண்ட் போனா தூங்கும், வந்தா எழுந்துக்கும். உன்ன மாதிரி முரண்டு பிடிக்காது, மாப்ள" என்று சிரித்தாய். மழைக்காலத்துத் தாம்பரம் உனக்குத் தெரியாதா? கார்டில் இருப்பதை நகல் எடுத்திருப்பாய் என்று நான் இருந்தேன். நான் எடுத்திருப்பேன் என்று நீ இருந்தாய். பிறகு நீயும் கண்ணை மூடிவிட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உன் தங்கைக்கு மறதி முற்றியதும், அவள் கேட்டைத் திறந்துகொண்டு கிளம்ப ஆரம்பித்தாள். பூட்டினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அதற்காகத்தானே அந்தப் பலகையோடும் அதன் மென்பொருளோடும் இருவரும் மல்லுக்கட்டினோம்? கேட்டில் சென்சார், போர்டிகோவில் ஸ்பீக்கர். கேட் திறந்தால் உன் குரல்: "பாப்பா, எங்க கெளம்பிட்ட? உள்ள வா." உடனே திரும்பி வந்துவிடுவாள். நீ போன பிறகும் அந்தக் குரல் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. என் பேச்சுக்கு அவள் என்றைக்கு நின்றிருக்கிறாள்?

மழையில் கரெண்ட் போய்ப் போய் வந்து கார்டு கெட்டது; அதோடு அதில் இருந்த உன் குரலும் போனது. மறுநாளே ஸ்டேஷன் ரோடு வரை போய்விட்டாள். பூக்காரம்மா கூட்டிவந்து விட்டாள். கேளம்பாக்கத்திலிருந்து மகன் போன் செய்தான்.

"ஞாயித்துக்கிழம வர்றேன்ப்பா. அம்மாவ ஹோம்ல சேத்துடலாம். உங்களால முடியல."

"முடியலன்னு யார்றா சொன்னது?" என்று போனை வைத்தேன்.

பத்தாவதோடு நின்ற படிப்பு எனக்கு. அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கில விளக்கத்தைப் படித்து, புதுக் கார்டில் மென்பொருளை ஏற்றினேன். வைஃபை பிடித்தது, சென்சார் பிடிக்கவில்லை. அதன் பொத்தானை ஊசியால் அழுத்தி அழுத்தி விரல் வீங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைதான் திரையில் அதன் பெயர் வந்தது. குரலுக்கு, மென்பொருளிலேயே இருந்த பெண்குரலைப் போட்டேன். "வாசல் கதவு திறந்துள்ளது" என்று செய்தி வாசிப்பதுபோல் சொன்னது.

உன் தங்கை முகம் மலர்ந்துவிட்டது. "யாரோ வந்திருக்காங்க, வாங்கன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?" என்று என்னைக் கடிந்துகொண்டு, விருந்தாளியை அழைக்கத் தெருவுக்கே போய்விட்டாள். அவளை இழுத்துவந்தபோது சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சனிக்கிழமை அறையைச் சாத்திக்கொண்டு, உன்னைப் போலவே நானே பேசிப் பதிந்தேன். உன் கரகரப்பு, 'கெளம்பிட்ட'வில் நீ கொடுக்கும் இழுப்பு எல்லாம் வந்தன. ஆனால், கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டதே இல்லை. அந்த ஒரு சொல்லுக்குத்தான் வாய் திரும்பவில்லை. பொழுது சாய்ந்துதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டைத் திறந்தாள். குரல் கேட்டது. நின்றாள். திரும்பினாள். ஸ்பீக்கரடியில் நின்றிருந்த என்னைப் பார்த்தபடியே உள்ளே வந்தாள்.

"சரிப்பா, பாக்கலாம்" என்று மகன் கிளம்பினான்.

அவன் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணா, அவர இன்னும் காணோமே. எங்க போனாரு?"

"வந்துடுவாரு, பாப்பா" என்றேன்.

இப்போது அவளைச் சாப்பிடக் கூப்பிடுவதும் உன் குரலில்தான், மச்சான். என் குரலில் கூப்பிட்டால், யாரோ என்று பார்க்கிறாள்.