உன் பெயரில் போன தண்ணீர்ச் செய்தி

என் அன்பு மச்சாள் சுகிக்கு,

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. விவசாயிகள் சங்க அலுவலகத்தில் உன் மேசையை யாரும் தொடவில்லை. முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடியும்வரை உன் பெயரில் கணினிக்குள் போக வேண்டாம் என்று சங்கத் தலைவர் சேர் சொல்லிவிட்டார். உனக்குச் செய்யும் மரியாதை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

நான் அதே கணினியில் என் பெயரில் நுழைந்து, வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நேரங்களை வழக்கம்போலப் பதிந்துவந்தேன். விவசாயிகளின் போன்களுக்குச் செய்தி தானாகப் போகும் என்று நம்பினேன்.

போகவில்லை, மச்சாள்.

போன கிழமை வயல்களுக்குத் தண்ணீர் முறை பார்க்கும் வட்டைவிதானையார் வாசலில் நின்றே சத்தம் போட்டார். "என்ன புள்ள, சொல்லாமக் கொள்ளாமத் தண்ணியத் திறந்திருக்கிறீங்க? எங்கட முறை வந்ததும் தெரியா, போனதும் தெரியா. கடைசி வயல் வட்டையில வெள்ளாமை மஞ்சளாப் போயிட்டு!"

"ஐயா, நான்..." அதற்குமேல் எனக்குக் குரல் வரவில்லை. நீ இருந்தால், "வாயத் திற புள்ள, ஈ ஒண்டும் உள்ள போகாது" என்று சிரித்திருப்பாய்.

முப்பத்தொன்றுக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் அவர் போனதும் உன் பெயரில் நுழைந்தேன். கடவுச்சொல்லை எனக்கு மட்டும்தானே சொல்லியிருந்தாய். திரையின் மூலையில் நீ எழுதிய சின்ன நிரல் தானே விழித்துக்கொண்டது. மாலைத் திறப்புக்கான செய்தி போனது. அப்போதுதான் விளங்கியது: நீ உள்ளே வந்தால் அது தொடங்கும், நீ வெளியேறினால் நின்றுவிடும். லீவே எடுக்காத உனக்கு அது போதுமாக இருந்தது. இப்படிப் போவாய் என்று நீயும் நினைக்கவில்லை, இல்லையா?

வெளியேற மனம் வரவில்லை. திரையில் உன் பெயர் இருக்கும்வரை, நீ தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறாய் போல இருந்தது. அப்படியே விட்டுவிடலாமா? ஆனால் கரண்ட் ஒருமுறை போனாலே செய்தி நின்றுவிடும். பிறகும் வெள்ளாமைதான் காயும்.

சேரிடம் போய்ச் சொன்னேன். "ஏலுமெண்டா மாத்துங்க பிள்ள" என்றார்.

யாரும் நுழையாவிட்டாலும், கணினி இயங்கியதும் நிரல் தொடங்கும்படி மாற்றினேன். பிறகு உன் பெயரிலிருந்து வெளியேறினேன். அடுத்த திறப்பு நாளில் விதானையாரே போனில் அழைத்தார். "செய்தி வந்திட்டு புள்ள. மண்வெட்டியோட நிக்கிறம்."

சுகி, இது நீ செய்த வேலை என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வேன். என் குரல் எவ்வளவு சின்னதாக வந்தாலும் சொல்லி முடிப்பேன். நான் வராத நாளிலும் வயலுக்குச் செய்தி போகும்படி, இங்கே உள்ள எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பேன்.

உன் மாமன் மகள்,
தர்ஷி