டம்ளர் விளிம்பில் சிவப்பு

என் முசுட்டு மகராசனுக்கு,

அங்கேயும் காலையில் எழுந்ததும் யாரையாவது குறை சொல்லிக்கொண்டுதான் இருப்பீர்கள். நான் இருக்கிறேன். ராஜபாளையத்துக்கு மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன்.

ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் பெண்கள் எல்லோரும் லிப்ஸ்டிக் போட வேண்டும் என்று சொன்னபோது நான் பதறியது நினைவிருக்கிறதா? கடையில் பூசிக்கொள்வேன். திரும்பும்போது பஸ் நம் ஊர் தொடங்கும் மடவார்விளாகத்தைத் தொட்டதும் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிடுவேன். ஒருநாள் நெரிசலில் கையையே தூக்க முடியவில்லை. அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். பைக்கோடு நின்ற நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள்.

"அதான் தெனமும் உதடு புண்ணாட்டம் இருந்துச்சா? எதுக்குட்டி துடைக்க?"

"தெருவுல பாத்தா என்ன சொல்லுவாக?"

"நல்லாத்தான இருக்கு. இருந்துட்டுப் போகுது."

அதற்குப் பிறகு நான் துடைத்ததில்லை. உங்கள் ஒரே புகார் காப்பி டம்ளர்தான். விளிம்பில் ஒட்டிய சிவப்பு போகவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே தேங்காய் நாரால் தேய்ப்பீர்கள். என்னையும் தொடவிட மாட்டீர்கள்.

நீங்கள் போனதும் பொட்டை அழித்தார்கள், பூவை எடுத்தார்கள், வளையலைக் கழற்றினார்கள். கைப்பையில் கிடந்த லிப்ஸ்டிக் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கடைக்குத் திரும்பிய அன்று சூப்பர்வைசர் பெண் தயங்கித் தயங்கி, "பொட்டு உங்க இஷ்டம்க்கா, லிப்ஸ்டிக் மட்டும் போட்டுருங்க" என்றாள். போட்டேன். வெறும் நெற்றிக்குக் கீழே சிவந்த உதடு. கண்ணாடியில் யாரோ மாதிரி இருந்தேன். சாயங்காலம் மடவார்விளாகத்தில் கை தானாகக் கைக்குட்டையைத் தேடியது. பஸ் ஸ்டாண்டில் பைக் நிற்காதபோது யார் தைரியத்தில் இறங்குவது?

நேற்று பஸ்ஸில் அசந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது பஸ் ஸ்டாண்ட். தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தால், மம்சாபுரத்திலிருந்து வந்த உங்கள் அக்கா வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நான் கைக்குட்டையை எடுப்பதற்குள் பார்த்துவிட்டார்.

"என்னட்டி இது வாயில?"

"கடையில போடச் சொல்லுதாக மதினி."

அவர் விரல் மடக்கி யோசித்தார். "பொட்டு கூடாது, பூ கூடாது, வளவி கூடாது. இதைப்பத்தி பெரியவுக யாரும் ஒண்ணுஞ் சொல்லலையே. இது எதுல சேத்தி?"

"தெரியலையே மதினி."

"அப்பம் இருந்துட்டுப் போகுது. காப்பி போடு, போ."

அதே வார்த்தை! உங்களுக்குக் கேட்டதா என்று சிரித்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் திரும்பினேன். அங்கே யாருமில்லை. அக்காவுக்குத் தெரியாமல் அழுதுகொண்டே பாலைக் காய்ச்சினேன்.

அவர் கிளம்பிய பிறகு என் டம்ளரை விடியும்வரை கழுவாமல் வைத்திருந்தேன். யாராவது திட்ட மாட்டார்களா என்றுதான்.

இனிமேல் துடைக்காமல்தான் இறங்குவேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து தலை குனியாமல் நடந்தே வருவேன். நீங்கள் கவலைப்படாதீர்கள், டம்ளரையும் நானே தேய்த்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி,
செல்வராணி