அச்சிலேயே விழுந்த டிக்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று கலாவிடம் நான் கேட்காதது: "படிக்காமலா கையெழுத்துப் போட்டாய்?" பயிற்சி மையத்தில் கேட்டுவிட்டார்கள். அவள் அப்பாவும் கேட்டுவிட்டார். நானும் கேட்பேன் என்று எங்கள் வக்கீல் அலுவலகத்தில் துப்பட்டா நுனியை விரலில் சுற்றியபடி காத்திருந்தாள்.

செந்துறைப் பெண். பதினெட்டு வயது. அரியலூரில் மூன்று மாதக் கம்ப்யூட்டர் வகுப்பு முடித்தவள். விண்ணப்பத்தின் அடியில் 'அடுத்த வகுப்பிலும் சேரச் சம்மதம்'. அந்தக் கட்டத்தில் டிக் அச்சிலேயே இருக்கிறது. வேண்டாதவர்கள் அடித்துவிட வேண்டுமாம். யார் அடிப்பார்கள்? அதைக் காட்டி, சேரும்போது வாங்கி வைத்த பன்னிரண்டாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட்டை அடுத்த வகுப்பை முடித்தால்தான் தருவேன் என்கிறார் மைய உரிமையாளர். வெள்ளிக்குள் பெரம்பலூர் நர்சிங் கல்லூரியில் அதைக் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும்.

வெயில் தாங்கவில்லை. பேனா மை வாங்க மறந்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

முன்பே தேர்ந்து வைத்ததை மனிதர்கள் மாற்றுவதில்லை என்று படித்ததை சீனியர் வசந்தா மேடத்திடம் சொன்னேன். காரணம் சோம்பல் மட்டுமில்லை, நல்லதைத்தான் தேர்ந்திருப்பார்கள் என்ற நம்பிக்கையும்தான்.

"புஸ்தகத்துல சரிதாம்மா. நுகர்வோர் ஆணையத்துல எப்படிக் காட்டுவே?"

அவசர மனு என்பதால் நாளையே விசாரணை; மதியமே வந்துவிட்ட எதிர்த்தரப்பின் பதில் மனுவைப் புரட்டினேன். உரிமையாளரின் ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் சரியாக அழியாத பென்சில் பெருக்கல் குறி. கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்ட வக்கீல் குமாஸ்தாக்கள் போடுவது. மேடத்திடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று எங்கள் வக்காலத்திலும் நான்தான் குறி போட்டேன். கலா அங்கே கையெழுத்திட்டாள். வெட்கமாக இருந்தது. அவளுக்குப் போன் செய்து வக்காலத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

"இதெல்லாம் எதுக்குக்கா? நீங்கதான் இருக்கீங்கல்ல."

ஆகஸ்ட் 21, வியாழன்

நுகர்வோர் ஆணையம். உரிமையாளர் கலாவைக் காட்டி, "பன்னெண்டாவது படிச்ச புள்ளதானங்க. கண்ணு தெரியாதா?"

மேடம் அனுமதி கேட்டு எழுந்தார். "சார், உங்க பதில் மனு மூணாம் பக்கத்துல என்ன இருக்கு?"

அவர் தன் வக்கீலைப் பார்த்தார். "அது வக்கீல் சார் எழுதுனதுங்க. பென்சில் போட்ட எடத்துல நான் கையெழுத்து போட்டேன்."

ஆணையத் தலைவர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணும் அதத்தானங்க செஞ்சுது?"

மார்க் ஷீட்டை இன்றே திருப்பித் தர இடைக்கால உத்தரவு. கலாவுக்குப் புரியவில்லை. "செயிச்சுட்டமாக்கா?" பாதி, வழக்கு இன்னும் இருக்கிறது என்றேன்.

படியிறங்கும்போது மேடம்: "வா, ஒன் புஸ்தகத்துக்கு ஒரு டீ."

ஆகஸ்ட் 22, வெள்ளி

தூறல். பெரம்பலூர் பஸ்ஸில் கலாவும் அவள் அப்பாவும். நேற்று மாலையே மையம் திருப்பித் தந்த மார்க் ஷீட்டை இரண்டே காலுக்குக் கல்லூரி அலுவலகம் வாங்கிக்கொண்டதாம். கலா சேர்ந்துவிட்டாள்.