மாப்பிள்ளையை ராஸ் லஃபானுக்குத் தனியே அனுப்பும் விஷயமாக

முசஃபா, ஷாபியா
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஏசி மிஷினும் சுகம். மூன்று பேரில் யார் படுத்தாலும் மற்ற இரண்டு பேரால் தாங்க முடியாது என்பதால் முருகன் புண்ணியத்தில் மூவரும் சத்தம் போட்டுக்கொண்டே ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே ஓசூரில் நீயும் மாப்பிள்ளை சரவணகுமாரும் பாப்பாவும் சுகமா, பாப்பாவுக்குப் பல் வந்துவிட்டதா, வந்திருந்தால் முதல் கடி யாருக்கு என்று எழுது. கையில் செல்போனை வைத்துக்கொண்டு அம்மா எதற்குத் தாளைத் தேடி எடுத்திருக்கிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே உனக்குக் குக்கர் விசிலடிக்கிறது, பாப்பா அழுகிறாள், வாசலில் யாரோ பெல் அடிக்கிறார்கள். தாளில் எழுதினால் நீ என்னைக் கட் பண்ண முடியாது பார். உன் அப்பாவோடு பழைய ரூமில் இருந்தாரே ராஜிக் சித்தப்பா, தொண்டிக்காரர், அவர் வியாழக்கிழமை லீவில் ஊருக்கு வருகிறார். திருச்சியில் இறங்கியதும் இதைத் தபாலில் போட்டுவிடுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளைக்குக் கத்தாரில் ராஸ் லஃபானில் வேலை வந்திருக்கிறது, பேச்சிலர் ஸ்டேட்டஸ்தானாம், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாதாம், ரெண்டே வருஷம்தானேம்மா, அனுப்பட்டுமா என்று கேட்டாய். மாதக் கடைசிக்குள் அவர் பதில் சொல்ல வேண்டுமாம். இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததே உன் அப்பாதான், அங்கே இருக்கும் அருள்ராஜ் தம்பியிடம் சொல்லி வைத்து. அன்றிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை. கேம்ப்பில் ஜிம் இருக்காம், மூணு வேளையும் சாப்பாடாம், சலவைக்குக்கூட ஆள் இருக்காம் என்று பெண்ணைப் பெற்றவர் மாதிரியா பேசுகிறார், புரோக்கர் மாதிரி பேசுகிறார். நான் அன்றைக்கு உனக்கு ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊருக்கு வந்து வருடம் ஒன்று முடிந்துவிட்டது, அந்த வருடம் எப்படிப் போனது என்று எழுதுகிறேன், அதுதான் என் பதில்.

போன ஆகஸ்டில் நான் வந்து இறங்கினேன் அல்லவா, ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்ததும் இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி முகத்தில் ஆவி அடித்து மூக்குக் கண்ணாடி பூத்துவிட்டது. உன் அப்பா என்று நினைத்து வேறொரு மீசைக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், நல்ல மனிதர். அபுதாபி என்றதும் நீ போட்டோவில் பார்க்கிற கண்ணாடிக் கட்டடங்களை நினைத்துக்கொள்ளாதே, அதெல்லாம் வடக்கே இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்காரர்களின் வண்டி எங்கேயாவது இடித்தால் வந்து சேருகிற இடம்தான் எங்கள் முசஃபா. தெருத் தெருவாகப் பட்டறை, வெல்டிங், பெயின்ட், டயர், பழைய இரும்பு. காற்றில்கூட பெயின்ட் தின்னர் வாசனை. கல்யாணமான புதிதில் இங்கே வந்த மனிதர், இத்தனை வருடம் கழித்து லாரி கராஜில் ஃபோர்மேன் ஆனதால் ஃபேமிலி விசா கிடைத்து, பெண்ணைக் கட்டிக் கொடுத்து முடித்த பிறகு, பெண்டாட்டியைக் குடித்தனத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார். ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று உன் அத்தையிடம் ஹனிமூன் என்று சொல்லிவிட்டு வந்தேன், அவள் அதற்கும் சிரித்தாள்.

வந்து பார்த்தால் மனிதர் வீட்டை பேச்சிலர் ரூமாகவே வைத்திருந்தார். அலமாரியில் பூட்டு, சாவி அரைஞாண் கயிற்றில். பிரிட்ஜில் இரண்டு பால் பாக்கெட், ஒன்றில் கார்மேகம் என்று பேனாவால் எழுதியிருந்தது, இன்னொன்றில் என் பேரை எழுதிக்கொள்ளச் சொல்லிப் பேனாவை நீட்டினார். சாப்பிட்டதும் தன் தட்டை மட்டும் கழுவிக் கவிழ்ப்பார். நான் ஹாலில் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போது பாத்ரூம் கதவைத் தட்டி, கோன் ஹை என்று ஹிந்தியில் கேட்பார். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர், உள்ளே யார் இருக்கப் போகிறார்கள்? சமையலை முறை போட்டு, நாளைக்கு உன் மெஸ்ஸு, நாளைக்கழிச்சு என் மெஸ்ஸு என்றார். இதை மட்டும் நான் கண்டிக்கவில்லை, நடந்தவரை நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன், கோழிக் குழம்பு என்னைவிட நன்றாக வைக்கிறார். இதெல்லாம் சிரித்துக்கொண்டே போய்விடலாம். ஆனால் கட்டிலில் அவர் பக்கம் மட்டும் சுற்றிலும் கயிறு கட்டிப் பழைய பெட்ஷீட்டைத் திரை மாதிரித் தொங்கவிட்டிருந்தார். படுத்ததும் அதை இழுத்து மூடிக்கொள்வார். நான் இந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தவள் மாதிரி முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அதைவிடக் கொடுமை அவர் பேச்சு. சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்து எதிரே உட்கார்ந்து, சாப்பிட்டியா, மழை உண்டா, பானு பேசுச்சா என்று கேட்பார். பத்து நிமிடம் ஆனதும், சரி மீனா, வேற என்ன, வெச்சுரட்டுமா என்று எழுந்துவிடுவார். நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், எதை வைப்பது?

தீபாவளியன்று காலையிலேயே டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார். இங்கே எந்தப் பண்டிகையும் அது வரும் நாளில் கிடையாது, அடுத்து வரும் லீவு நாளில்தான். பொங்கலுக்குச் சூரியனே ஞாயிற்றுக்கிழமைவரை வரிசையில் நிற்கிறது. அந்தத் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நான் தனியாக அதிரசம் தின்றேன், தின்றுகொண்டே அழுதேன். ஊருக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு கட்டியதும் அன்றுதான், உன்னிடம் டிக்கெட் பார்க்கச் சொன்னேன் ஞாபகம் இருக்கிறதா, உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேனே, அது பொய். சீசன் டிக்கெட் விலையைக் கேட்டுத்தான் தள்ளிப்போட்டேன். டிசம்பரில் இந்த நாட்டு அரபிகள் தங்கள் தேசிய தினத்துக்குக் கார்களையெல்லாம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அலங்கரிக்கிற மாதிரி அலங்கரித்தார்கள், அடுத்த வாரமே அதே கார்கள் இடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தன. ஜனவரியில் பனி மூட்டம். எதிரே வருகிற லாரி தெரியாது, விபத்துதான், எல்லாக் கராஜ்காரர்களும் நெற்றியில் கை வைத்து ஐயோ பாவம் என்கிறார்கள், அந்தக் கை இறங்கும்போதே ஓவர்டைம் கணக்குப் போடுகிறார்கள். பிறகு ஒரே ஒரு நாள் மழை பெய்தது. நம் ஊரில் டேங்கர் லாரி வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகும், இங்கே டேங்கர் வந்து ரோட்டில் நிற்கிற தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகிறது. உன் அப்பா அன்றைக்கு முழங்கால் தண்ணீரில் நடந்து எனக்கு மல்லிகைப் பூ வாங்கி வந்தார். கொடுத்துவிட்டு, பத்து நிமிடத்தில், வெச்சுரட்டுமா என்றார்.

நோன்பு மாதம் வந்தது. கராஜில் டியூட்டி நேரம் குறைவு, பகலெல்லாம் ஊரே கொட்டாவி விட்டது. ஒரு சாயங்காலம் ராஜிக் சித்தப்பா தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார், உன் அப்பா அப்போது வரவில்லை. நான் அடக்க முடியாமல் திரையைக் காட்டி, இது என்ன கூத்து தம்பி, உங்க அண்ணனுக்கு என்னைப் பிடிக்கலையா என்று கேட்டுவிட்டேன். அவர் தூக்குவாளியைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார், மதினி, நாங்க முன்ன இருந்தது எட்டுப் பேரு ரூமு, ஒவ்வொரு கட்டிலுக்கும் இப்புடித்தான் ஒரு துணி தொங்கும், அண்ணன் உங்களுக்குப் போன் போட்டா அத இழுத்து விட்டுக்கிருவாரு, நாங்க டிவி சத்தத்தக் கொறச்சுருவோம், எங்களுக்கெல்லாம் அந்தத் துணிக்குள்ளதான் மதினி வீடு, பொண்டாட்டி, புள்ள எல்லாம், இத்தன வருசம் அது இல்லாம அவரு தூங்குனதே இல்ல. பானு, என்னைத் தள்ளி வைக்கத் தொங்கவிட்டது என்று நினைத்த துணிக்கு உள்ளே இருந்தது நான்தான். உன் அப்பா வந்ததும் நானே கயிற்றை இன்னும் இழுத்து என் பக்கத்தையும் சேர்த்துக் கட்டினேன். மனிதர் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். ரெண்டு வாரம் அப்படியே இருந்தோம், அப்புறம் ஏசிக் காற்று வரவில்லை என்று அவரே அவிழ்த்துவிட்டார். அது இப்போது தரை துடைக்கிறது.

வெயில் காலம் வந்ததும் மத்தியானம் வெயிலில் வேலை பார்க்கக் கூடாது என்று அரசாங்க உத்தரவு. மற்றவர்கள் லாரி நிழலில் அட்டையை விரித்துப் படுப்பார்கள், இவர் வீட்டுக்கு வந்துவிடுவார். ஜூலையில் ஒரு நாள் கருவாட்டுக் குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்று ஆரம்பித்தார். நான் அவர் அம்மா வைத்த குழம்பைப் பற்றிச் சொன்னேன், அவர் என் அண்ணனைப் பற்றிச் சொன்னார், டியூட்டிக்குப் போய் வந்து சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மறுநாளும் முடியவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. லீவில் வரும்போது நாங்கள் சண்டையே போட்டதில்லை பானு. போவதற்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் மனிதரிடம் யாராவது உப்புக்குச் சண்டை போடுவார்களா? ஊரெல்லாம் எங்களைச் சண்டை போடாத தம்பதி என்று புகழ்ந்தது, சண்டை போட எங்களுக்கு நேரம் கொடுக்கவில்லை என்பதுதான் நிஜம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் அப்பாவும் ரெண்டே வருஷம் என்றுதான் விமானம் ஏறினார். வீடு கட்ட ஒரு ரெண்டு, உன் படிப்புக்கு ஒரு ரெண்டு, உன் கல்யாணத்துக்கு ஒரு ரெண்டு. யாரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே ரெண்டுதான். சின்ன வயதில் உன்னை யாராவது அப்பா எங்கே என்று கேட்டால் டிவி மேல் இருந்த போனைக் காட்டுவாய், எல்லோரும் கை தட்டிச் சிரிப்போம். இந்தக் காலத்தில் வீடியோ இருக்கிறதே என்பாய். வீடியோவில் முகம் தெரியும், குறட்டை தெரியாது, கோபம் வந்தால் அணைத்துவிடலாம். அணைக்க முடியாமல் ஒருத்தரோடு இருந்து பழகுவதற்குப் பேர்தான் குடித்தனம், அது எங்களுக்கு இந்தக் கிழ வயதில் பல் முளைக்கிற மாதிரி வலித்துக்கொண்டு வருகிறது. மாப்பிள்ளையின் ஆசையைக் குறை சொல்லாதே, நல்ல வேலை, அவருக்குத் திறமை இருக்கிறது. ஃபேமிலி ஸ்டேட்டஸ் கொடுத்தால் மூன்று பேரும் மூட்டை கட்டுங்கள், பாப்பாவுக்கு நான் இங்கிருந்தே பவுடர் அனுப்புகிறேன். இல்லையென்றால் ஓசூர் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

இவ்வளவும் எழுதியதை உன் அப்பா மத்தியானம் எடுத்துப் படித்துவிட்டார். மானத்தை வாங்கிவிட்டாயே என்று குதிப்பார் என்று கரண்டியோடு தயாராக நின்றேன். குதிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அருள்ராஜுக்குப் போன் போட்டார். தம்பி, எம் மாப்பிள்ளைக்கு ஃபேமிலியோட உண்டான்னு கேளு, மாஃபின்னா கலாஸ், வேற ஆளப் பாத்துக்கங்க என்றார், இல்லையென்றால் அதோடு முடிந்தது என்று இந்த ஊர் அரபிப் பேச்சில் அர்த்தம். அவர் என்ன சொன்னாரோ, இவர், ஜிம்மாவது மயிராவது, போன வையிடா என்றார். பெரியவர் பேசிய கெட்ட வார்த்தையை எழுதியதற்கு மன்னித்துக்கொள், எனக்கு அது காதில் தேனாக இருந்தது.

மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், தினமும் சண்டை போட்டுக்கொண்டு, தீர்க்காயுசாக இருங்கள். பாப்பாவுக்கு வெள்ளிக்கிழமை மறக்காமல் சாம்பிராணி காட்டு. உன் மாமியாரைக் கேட்டதாகச் சொல், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்லியிருக்கிறார், அவரும் எழுதுவாராம், கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
இப்போதுதான் குடித்தனம் வைத்திருக்கும் உன் அம்மா,
கா. மீனாம்பாள்

பானு, அப்பா எழுதுறேன். அம்மா எழுதுனது எல்லாம் உண்மை, உப்பு விஷயம் தவிர. நீ வளந்தத நான் பாக்கல. மாப்பிள்ளையாவது பாக்கட்டும்.
கார்மேகம்